நோயாளியின் பதிவு யார் கையில்? திருவனந்தபுரத்து மின்னணு மருத்துவம் குறித்து ஓர் ஆய்வு

1. கேள்வி

திருவனந்தபுரம் நகரின் வடபகுதியில் இருக்கும் மருத்துவக் கல்லூரி வளாகம் ஒரு சிறு நகரம் போன்றது. 1951-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும், எஸ்.ஏ.டி. என்று எல்லோரும் அழைக்கும் தாய்சேய் மருத்துவமனையும், 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்ரா திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும், 1981-இல் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.யும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. தென்கேரளத்தவர் மட்டும் வந்துபோகும் இடமல்ல அது. கன்னியாகுமரி மாவட்டத்தினருக்கும் தென்காசி, திருநெல்வேலிப் பகுதியினர் பலருக்கும் பெரிய நோய் என்றால் முதலில் நினைவுக்கு வரும் ஊர் திருவனந்தபுரம்தான்.

வளாகத்துக்குள் நுழையும் நோயாளியின் கையிலோ, துணைக்கு வந்தவர் கையிலோ பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். பழைய ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கேன் படம், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு என எல்லாம் அதற்குள் இருக்கும். அந்தப் பையைத் தொலைத்தவர் தம் நோயின் வரலாற்றையே தொலைத்தவர் ஆகிறார். அடுத்த மருத்துவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எடுத்த பரிசோதனையை மறுபடி எடுக்க வேண்டும்.

கணினி இந்த வளாகத்துக்கு வந்து நெடுங்காலம் ஆகிறது. பில் போடுவதிலும் ஆய்வக முடிவுகளை அச்சிடுவதிலும் தொடங்கிய அதன் பயன், இன்று வீட்டிலிருந்தபடியே ஓ.பி. டோக்கன் எடுப்பது, திரையில் மருத்துவரைப் பார்ப்பது, ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர் வீட்டு வாசலில் நின்று கைபேசியில் உடல்நல விவரம் பதிவது என்று விரிந்திருக்கிறது. ஆனாலும் பை கையை விட்டுப் போகவில்லை. ஏன்? தகவல் தொழில்நுட்பம் சிகிச்சையை எங்கே மாற்றியது, எங்கே நிர்வாகத்தை மட்டும் மாற்றியது? இக்கட்டுரை திருவனந்தபுரத்தை மையமாக வைத்து இந்தக் கேள்விகளை ஆராய்கிறது. வந்தடையும் முடிவை முன்னரே சொல்லிவிடுகிறேன். ஒருவரின் நோய் வரலாறு காலத்தாலும் இடத்தாலும் அறுபடாமல் அடுத்த மருத்துவரிடம் போய்ச் சேர்ந்த இடங்களில்தான் தொழில்நுட்பம் சிகிச்சையை மேம்படுத்தியிருக்கிறது. மற்ற இடங்களில் அது வரிசையைச் சுருக்கியது, கணக்கை எளிதாக்கியது. அவையும் பயன்களே, ஆனால் அவற்றைச் சிகிச்சையின் முன்னேற்றம் என்று கணக்கில் எழுதிவிடக் கூடாது.

2. நிலவும் பார்வைகள்

இத்துறை குறித்த எழுத்துகளில் மூன்று போக்குகள் தெரிகின்றன. அரசு ஆவணங்கள் திறன்மேம்பாட்டைப் பேசுகின்றன: காத்திருப்பு குறையும், மருந்து இருப்பு தெரியும், கொள்கை வகுக்கத் தரவு கிடைக்கும். தனியுரிமை குறித்துக் கவலைப்படுவோர் கண்காணிப்பைப் பேசுகிறார்கள்: உடலைப் பற்றிய அந்தரங்கத் தகவல் அரசிடமும் நிறுவனங்களிடமும் குவிகிறது என்கிறார்கள். மருத்துவர்கள் வேலைச்சுமையைப் பேசுகிறார்கள்.

மூன்றாவது குரலுக்கு வலுவான சான்று அமெரிக்காவிலிருந்து வந்தது. 2016-இல் கிறிஸ்டின் சின்ஸ்கி குழுவினர் 57 மருத்துவர்களின் வேலைநேரத்தை அருகிலிருந்து அளந்தார்கள். நோயாளிக்கு நேரடியாகச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மின்பதிவிலும் மேசை வேலையிலும் கரைவதாக அவர்கள் கண்டார்கள். அந்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் ஹைடெக் சட்டம் பெரும் நிதி ஊக்கம் கொடுத்து மின்பதிவை மருத்துவமனைகளுக்குள் கொண்டுவந்தது. ஆனால் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பில் அனுப்பும் தேவையே பதிவின் வடிவத்தைப் பெரிதும் தீர்மானித்துவிட்டது என்பது அங்கு பரவலான விமர்சனம். பிரிட்டன் 2002-இல் தொடங்கிய தேசிய மின்பதிவுத் திட்டம் பல நூறு கோடிப் பவுண்டுகளை விழுங்கிய பிறகு 2011-இல் கலைக்கப்பட்டது. மேலிருந்து ஒரே வடிவத்தை எல்லா மருத்துவமனைகள் மீதும் திணித்ததை அதன் தோல்விக்கு முக்கியக் காரணமாகப் பலர் சுட்டினார்கள்.

இந்த மூன்று போக்குகளுக்கும் முந்தைய இரண்டு கருத்துகளை இங்கே நினைவூட்ட வேண்டும். 1968-இல் லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர், மருத்துவப் பதிவு என்பது நடந்ததை எழுதிவைக்கும் ஏடு மட்டுமல்ல, மருத்துவரின் சிந்தனையை ஒழுங்குபடுத்தும் கருவி என்று வாதிட்டார். நோயாளியின் ஒவ்வொரு பிரச்சினையையும் தனித்தனியாக எண்ணிட்டு, அதற்கான சான்று, முடிவு, அடுத்த நடவடிக்கை என்று எழுதும் முறையை அவர் முன்வைத்தார். 1971-இல் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற வேல்ஸ் மருத்துவர் தலைகீழ் மருத்துவ விதியைச் சொன்னார்: நல்ல மருத்துவம் எவருக்கு மிகவும் தேவையோ அவருக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது. புதிய தொழில்நுட்பம் எதையும் மதிப்பிட இந்த இரண்டும் போதுமான உரைகற்கள் என்பது என் கருத்து. அது மருத்துவரின் சிந்தனைக்கு உதவுகிறதா? தேவை மிகுந்தவரிடம் முதலில் போய்ச் சேருகிறதா?

கேரளத்தின் நிலையில் இந்தக் கேள்விகளுக்குத் தனி அழுத்தம் உண்டு. திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையத்துக்காக பி.ஜி.கே. பணிக்கரும் சி.ஆர். சோமனும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு, இறப்பு குறைந்தும் நோய் மிகுந்தும் இருக்கும் கேரளத்தின் முரணை எடுத்துக்காட்டியது. அந்த முரண் இன்று வேறு வடிவம் எடுத்திருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் 60 வயதைத் தாண்டியோர் 12.6 சதவீதம், இந்திய மாநிலங்களில் அதுவே மிக அதிகம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு, கேரளத்தில் வயதுவந்தோரில் 25.5 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய், இதய நோய் ஆகியவை ஒருமுறை வந்து குணமாகிப் போகும் நோய்கள் அல்ல. இருபது, முப்பது ஆண்டுகள் நோயாளியோடு வாழ்பவை. போன வருடச் சர்க்கரை அளவு தெரியாமல் இந்த வருட அளவை மட்டும் பார்த்து மருந்தை மாற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வைத்தியம். தொடர்ச்சியான பதிவு வேறு எந்த இடத்தையும்விட இங்கேதான் உயிர்நாடி.

3. காகிதத்தில் தொடங்கிய ஒழுங்கு

மின்னணு மருத்துவம் குறித்த பேச்சுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒரு வரலாறு திருவனந்தபுரத்துக்கு உண்டு. தரவை ஒழுங்காகச் சேர்த்து, பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, அதிலிருந்து உலகம் ஏற்கும் மருத்துவ முடிவை எடுக்கும் திறனை இந்த நகரம் காகிதத்தை வைத்தே வளர்த்துக்கொண்டது.

1996-இல் ஆர்.சி.சி.யைச் சேர்ந்தவர்கள் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துப் பகுதிகளை எடுத்துக்கொண்டு வாய்ப்புற்றுநோய்த் தடுப்பாய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். 35 வயதைத் தாண்டிய ஏறத்தாழ 1,92,000 பேர் அதில் அடங்கினார்கள். பாதிப் பேர் வாழ்ந்த பகுதிகளில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள். வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, ஆறாத புண் தென்பட்டவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை என மூன்று சுற்று நடந்தது. பிறகு, யாருக்குப் புற்றுநோய் வந்தது, யார் இறந்தார் என்பதைப் புற்றுநோய்ப் பதிவேட்டோடும் இறப்புப் பதிவேடுகளோடும் ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். ஆர். சங்கரநாராயணன் தலைமையிலான குழு 2005-இல் தி லான்செட் இதழில் முடிவை வெளியிட்டது. புகையிலையோ மதுவோ பழக்கமாகக் கொண்டவர்களில், பரிசோதிக்கப்பட்ட பகுதிகளில் வாய்ப்புற்றுநோய் இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு 21 சதவீதம். ஆனால் புள்ளியியல் கணக்கில் அது உறுதியாகவில்லை. இந்த வேறுபாட்டை ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதியதும் பாராட்டத்தக்கது. பரிசோதனையை எல்லோருக்கும் பரப்புவதா, ஆபத்து மிகுந்தோரிடம் குவிப்பதா என்ற கொள்கைக் கேள்விக்கு அந்த நேர்மையிலிருந்தே விடை பிறந்தது.

கொல்லம் மாவட்டத்தின் கருநாகப்பள்ளியில் 1990-இல் ஆர்.சி.சி. அமைத்த புற்றுநோய்ப் பதிவேடும் இவ்வரிசையில் சேர்வது. அங்கே கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருப்பதால் இயற்கைக் கதிர்வீச்சு மிக அதிகம். அதனால் புற்றுநோய் கூடுகிறதா என்பது பல தலைமுறைகளின் அச்சம். வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஏறத்தாழ 70,000 பேரைப் பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 2009-இல் வெளியானது. மண்ணிலிருந்து வரும் அந்தக் காமா கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதற்குச் சான்று இல்லை என்று அது காட்டியது.

இந்த இரண்டு பணிகளிலும் முக்கியமாகச் செயல்பட்டது எந்த இயந்திரமும் அல்ல. ஒருவரைத் தவறவிடாமல் மறுபடி தேடிச்சென்ற ஒழுங்கு, ஒரே வரையறையில் எழுதிய கைகள், பதிவேடுகளை ஒன்றோடொன்று பொருத்திப்பார்த்த பொறுமை ஆகியவையே செயல்பட்டன. கணினி இவற்றை விரைவாக்கலாம். இவை இல்லாத இடத்தில் கணினியால் இவற்றை உண்டாக்க முடியாது. அடுத்து வரும் எல்லா மதிப்பீடுகளுக்கும் இதை அடிப்படையாகக் கொள்கிறேன்.

4. தூரம் குறைந்த இடங்கள்

தொலைமருத்துவத்தின் இந்திய வரலாற்றில் வழக்கமாக முதலில் சொல்லப்படுவது ஆந்திரத்தின் அரகொண்டா கிராமம். அங்கே 2000-இல் அப்பல்லோ தொடங்கிய மையம் சென்னையோடு இணைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்கள் இதைவிட ஆழமாக வேரூன்றின. கிராமத்தில் பயிற்சி பெற்ற பெண் பணியாளர் பரிசோதிப்பார். நகரத்து மருத்துவர் திரையில் பார்த்து முடிவு சொல்வார். பயணம் தேவைப்படுவோர் மட்டும் மருத்துவமனைக்கு வந்தால் போதும்.

திருவனந்தபுரத்தில் இதற்கு இணையான முயற்சி ஆர்.சி.சி.யும் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் திருவனந்தபுரம் மையமும் சேர்ந்து 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஆன்கோநெட் வலையமைப்பு. கண்ணூர், பாலக்காடு, எர்ணாகுளம் உள்ளிட்ட இடங்களின் மையங்களை அது தலைநகரோடு இணைத்தது. புற்றுநோய் சிகிச்சை முடிந்தவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபரிசோதனைக்கு வர வேண்டும். கண்ணூரிலிருந்து திருவனந்தபுரம் வந்து திரும்ப இரவு ரயில், தங்கும் செலவு, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு எல்லாம் சேரும். பரிசோதனை பத்து நிமிடத்தில் முடியும். உள்ளூர் மையத்தில் மருத்துவர் உடலைப் பார்க்க, நோயாளியின் முழுப் பதிவும் திருவனந்தபுரத்து நிபுணரின் திரையில் இருக்க, பயணம் இல்லாமலே மறுபரிசோதனை முடிந்தது. இதைத் தொழில்நுட்பம் சிகிச்சையை மேம்படுத்திய தெளிவான எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். காரணம் காணொளி அன்று. பதிவு இரு முனையிலும் ஒன்றாக இருந்ததே. நிபுணருக்கு நோயாளியை முன்பே தெரியும். மறுமுனையில் உடலைத் தொட்டுப் பார்க்க ஒரு மருத்துவர் இருந்தார்.

இவை இல்லாதபோது என்ன ஆகிறது என்பதை இ-சஞ்சீவனி காட்டுகிறது. கோவிட் முடக்கம் தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள் வெளியாயின. தொலைமருத்துவம் சட்டப்படி செல்லுமா என்ற நாள்பட்ட குழப்பம் அதனால் தீர்ந்தது. ஏப்ரல் 13-இல் மத்திய அரசின் இ-சஞ்சீவனி ஓ.பி. சேவை தொடங்கியது. கேரளம் ஜூனில் சேர்ந்தது. தொடக்க மாதங்களில் தமிழ்நாடு இதில் முன்னணியில் இருந்தது. பேருந்து ஓடாத நாட்களில் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோன முதியவருக்கு அந்தத் திரை பெரும் துணை. அதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமல்ல. ஆனால் அழைப்பை எடுக்கும் மருத்துவர் பெரும்பாலும் அந்த நோயாளியை முன்பின் அறியாதவர். பழைய சீட்டைக் கேமராவுக்கு நேரே காட்டச் சொல்லித்தான் படிக்க வேண்டும். முதல்முறை பார்க்கும் நோய்க்கு இது போதாது. அறிந்த நோய்க்கு மருந்தைத் தொடரச் சொல்வதற்கே இது ஏற்றது. முடக்கம் முடிந்து மருத்துவமனைகள் திறந்ததும் நோயாளிகள் திரும்ப வரிசைக்கு வந்ததை மக்களின் அறியாமை என்று சொல்ல முடியாது. தங்களைத் தொட்டுப் பார்க்கும் கையை அவர்கள் நாடினார்கள்.

தொலைத்தொடர்பின் இன்னொரு பயன் அதிகம் பேசப்படுவதில்லை. எம்.ஆர். ராஜகோபால் 2003-இல் நிறுவிய பாலியம் இந்தியா திருவனந்தபுரத்திலிருந்து இயங்குகிறது. வலி தணிப்பு மருத்துவம் தெரிந்தவர்கள் இந்தியாவில் மிகக் குறைவு என்பதால், எக்கோ எனப்படும் முறையில் தொலைவில் உள்ள மருத்துவர்களையும் செவிலியர்களையும் இணையவழியே ஒன்றுகூட்டி, உண்மையான நோயாளிகளின் நிலையை விவாதித்துக் கற்பிக்கிறார்கள். இங்கே திரை நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவில் நிற்பதில்லை. நோயாளியின் அருகில் ஏற்கெனவே இருப்பவரின் அறிவைக் கூட்டுகிறது. டியூடர் ஹார்ட்டின் உரைகல்லில் இதுவே அதிக மாற்றுக் காட்டும் என்று எண்ணுகிறேன்.

5. இ-ஹெல்த்: வரிசையும் பதிவும்

கேரள அரசின் இ-ஹெல்த் திட்டம் முதலில் நடைமுறைக்கு வந்தது திருவனந்தபுரம் மாவட்டத்தில்தான். 2017-இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப நல மையங்களாக உயர்த்தப்பட்ட காலமும் அதுவே. ஒவ்வொருவருக்கும் ஒரு தனித்த சுகாதார எண். குடும்ப நல மையம் முதல் மருத்துவக் கல்லூரி வரை ஒரே பதிவு. மருத்துவர் திரையில் மருந்து எழுதினால் மருந்தகத்தில் தெரியும், பரிசோதனை எழுதினால் ஆய்வகத்தில் தெரியும். திட்டத்தின் வரைவு நன்று. மேல்நிலை மருத்துவமனை கீழ்நிலை மையத்தின் பதிவைப் பார்க்க முடிவதே இதன் சிறப்பு. 

மக்கள் அதிகம் உணர்ந்த மாற்றம் ஓ.பி. சீட்டில் வந்தது. விடியற்காலையில் வந்து நிற்பவர்கள் இருந்த இடத்தில், முதல்நாளே கைபேசியில் நேரம் குறித்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். இதில் ஒரு நுட்பமான அநீதிக்கு இடம் உண்டு. கைபேசியில் பதியத் தெரிந்தவர் முதல் டோக்கன்களை எடுத்துக்கொள்ள, நேரில் வந்த தோட்டத் தொழிலாளியோ தனியாக வாழும் மூதாட்டியோ பின்னுக்குத் தள்ளப்படலாம். நேரில் வருவோருக்கென ஒதுக்கீடு குறையாமல் காக்கப்படுகிறதா என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

பதிவின் தரம் பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. ஒரு காலைப்பொழுதில் நூறு பேரைப் பார்க்க வேண்டிய அரசு மருத்துவருக்கு ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன. அந்த நிமிடங்களில் பட்டியலைத் திறந்து, நோயின் பெயரைத் தேர்ந்து, மருந்தைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்றால் இரண்டில் ஒன்று நடக்கும்: நோயாளியின் முகத்தைப் பார்க்கும் நேரம் குறையும், அல்லது திரையில் காய்ச்சல், உடல்வலி என்று ஒற்றைச் சொல் மட்டும் ஏறும். வீட் கேட்ட சிந்தனைப் பதிவுக்கு இரண்டுமே எதிரானவை. இந்திய அரசு 2013-இல் வெளியிட்டு 2016-இல் திருத்திய மின்னணு சுகாதாரப் பதிவுத் தரநிலைகள் நோய்ப்பெயருக்கும் ஆய்வக முடிவுக்கும் படத்துக்கும் எந்தக் குறியீட்டு முறை வேண்டும் என்று விரிவாகச் சொல்கின்றன. பதிவு செய்ய எத்தனை நிமிடம் தேவை, அதை யார் செய்வது என்பதுதான் வார்டுகளில் எழும் கேள்வி. கணினி வாங்கிய அளவுக்கு எழுத்தர்களையும் செவிலியர்களையும் நியமிக்காத எந்த மின்பதிவுத் திட்டமும் மருத்துவரின் நேரத்தைத் திருடியே நடக்கும்.

6. தரவைச் சேர்க்கும் கைகள்

2022-இல் கேரளம் 30 வயதைத் தாண்டியோர் அனைவரையும் வாழ்க்கைமுறை நோய்களுக்காகப் பரிசோதிக்கும் பெருமுயற்சியில் இறங்கியது. ஆஷா பணியாளர்கள் ஷைலி என்ற செயலியுடன் வீடுவீடாகச் சென்றார்கள். வயது, புகை, மது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, குடும்பத்தில் நோய் ஆகியவற்றைக் கேட்டுப் பதிந்தால் செயலி ஒரு மதிப்பெண் தரும்; அது நான்கைத் தாண்டினால் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். முதல் கட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் இதில் பதிவானார்கள்.

வாய்ப்புற்றுநோய் ஆய்வின் வழித்தோன்றல் என்று இதைச் சொல்லலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அந்த ஆய்வில் அனுப்பப்பட்டவர் மருத்துவரைப் பார்த்தாரா, என்ன ஆனார் என்பது இறுதிவரை பின்தொடரப்பட்டது. ஒன்றரைக் கோடி என்பது எத்தனை பேரைக் கேட்டோம் என்ற எண்ணிக்கை. அவர்களில் எத்தனை பேருக்கு நோய் உறுதியானது, எத்தனை பேர் ஓராண்டுக்குப் பின்னும் மருந்தைத் தொடர்கிறார்கள், எத்தனை பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்ற எண்களே திட்டத்தின் மெய்யான அளவுகோல். வட்டார வாரியாக இவற்றை அரசு தொடர்ந்து வெளியிட வேண்டும்.

இந்தப் பெருந்தரவைச் சுமந்த பெண்களின் நிலையும் இந்த ஆய்வுக்கு உட்பட்டதே. 2025 பிப்ரவரி 10 அன்று ஆஷா பணியாளர்களில் ஒரு பிரிவினர் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் போராட்டத்தைத் தொடங்கினார்கள். மாதம் 7,000 ரூபாயாக இருந்த மதிப்பூதியத்தை 21,000 ரூபாயாக உயர்த்த வேண்டும் என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கை. வெயிலிலும் மழையிலும் எட்டு மாதங்களுக்கு மேல் அது நீடித்தது. அரசு இறுதியில் 1,000 ரூபாய் கூட்டியது. மின்னணு சுகாதாரம் குறித்த விழா மேடைகளில் செயலியின் பெயர் வருகிறது, மென்பொருளை உருவாக்கிய நிறுவனத்தின் பெயர் வருகிறது. தரவைக் கேட்டு எழுதியவரின் உழைப்பு ஊதியமாகவே கருதப்படாமல் மதிப்பூதியமாக நிற்கிறது. தரவின் நம்பகத்தன்மை அதைச் சேர்ப்பவரின் நிதானத்தைப் பொறுத்தது. பசியோடும் அவசரத்தோடும் எடுத்த கணக்கைச் செயற்கை நுண்ணறிவு எதுவும் திருத்தித் தராது.

7. காவல்

தரவு குவியும் இடத்தில் காவல் வேண்டும் என்பதைத் திருவனந்தபுரம் இரண்டு நிகழ்ச்சிகளில் கற்றது.

முதலாவது ஸ்பிரிங்ளர் விவகாரம். 2020-இல் கோவிட் நோயாளிகள், தனிமைப்படுத்தப்பட்டோர் ஆகியோரின் விவரங்களைத் திரட்டி ஆராய அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்பிரிங்ளர் நிறுவனத்தோடு கேரள அரசு உடன்பாடு செய்தது. எதிர்க்கட்சி எதிர்த்தது, வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பெருந்தொற்றின் நெருக்கடியில் விரைவான கருவி தேவைப்பட்டது என்று அரசு வாதிட்டது. 2020 ஏப்ரல் 24 அன்று நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. தரவிலிருந்து ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிய பிறகே நிறுவனம் அதை அணுகலாம். இனிமேல் தகவல் கேட்கும்போது அது மூன்றாம் தரப்புக்குப் போகக்கூடும் என்று மக்களிடம் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்றது. நெருக்கடியைக் காட்டி ஒப்புதலைத் தவிர்க்க முடியாது என்ற நெறியை ஒரு பெருந்தொற்றின் நடுவிலேயே நிலைநாட்டியதால் இந்த ஆணை இந்திய அளவில் முக்கியமானது.

இரண்டாவது, 2024 ஏப்ரல் இறுதியில் ஆர்.சி.சி.யின் கணினிகள் மீது நடந்த இணையத் தாக்குதல். கதிர்வீச்சு சிகிச்சை சில நாட்கள் நின்றுபோனது. 2022 நவம்பர் 23 அன்று இதேபோன்ற தாக்குதலில் தில்லி எய்ம்ஸ் முடக்கப்பட்டபோது பதிவும் பில்லும் காகிதத்துக்குத் திரும்பின. சிகிச்சை தட்டுத்தடுமாறியேனும் நடந்தது. கதிர்வீச்சு சிகிச்சையில் அதற்கு வழியில்லை. எந்தக் கோணத்தில், எவ்வளவு அளவு, எத்தனை நாள் என்ற திட்டமே கணினிக்குள் இருக்கிறது. இடையில் விட்டுப்போகும் நாட்கள் புற்றுநோய் செல்களுக்கு அவகாசம் தருகின்றன. மருத்துவமனைக் கணினியின் பாதுகாப்பை அலுவலகச் செலவாகப் பார்ப்பது தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆக்சிஜன் குழாய்க்குத் தரும் கவனம் அதற்கும் வேண்டும்.

சட்டமோ தயங்கி நிற்கிறது. 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் தனியுரிமையை அடிப்படை உரிமை என்றது. 2018-இல் சுகாதாரத் தரவுக்கென்றே ஒரு சட்ட வரைவு வந்து அப்படியே நின்றுவிட்டது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனி வகையாகப் பிரித்துக் கூடுதல் பாதுகாப்பு தரவில்லை. எச்.ஐ.வி. சோதனை முடிவும் மளிகைக் கடை வாடிக்கையாளர் பட்டியலும் அச்சட்டத்தின் முன் ஒரே இனம். இது பெருங்குறை.

8. களியக்காவிளைக்கு அப்பால்

தமிழ் வாசகர்களுக்கு நேரடியாகத் தொடர்புடைய பகுதிக்கு வருகிறேன். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து இன்றைய தமிழ்நாட்டோடு இணைந்தன. நிர்வாகம் மாறியது, நோயாளிகளின் வழி மாறவில்லை. மார்த்தாண்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் ஆர்.சி.சி.க்கும் ஸ்ரீ சித்ராவுக்கும் செல்லும் குடும்பங்கள் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி வந்த பிறகும் குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு எல்லையூரான களியக்காவிளையைக் கடந்தே ஆக வேண்டும்.

எல்லையின் இருபுறமும் பதிவு அமைப்புகள் வளர்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பேறுகாலம் வரை பின்தொடரும் பிக்மி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டுக்கே மருந்து கொண்டுபோய்க் கணக்கு வைக்கிறது. கேரளத்தில் இ-ஹெல்த்தும் ஷைலியும் உள்ளன. இ-சஞ்சீவனியிலும் மாநிலம் தேர்ந்த பிறகே மருத்துவர் கிடைப்பார். ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் பிழைதிருத்தி முன்னேறுகிறது. இரு மாநிலங்களிலும் சிகிச்சை பெறும் ஒருவருக்கு எந்த அமைப்பிலும் முழு உருவம் இல்லை. விளவங்கோட்டில் தொடங்கிய ரத்த அழுத்த மாத்திரை திருவனந்தபுரத்து இதய மருத்துவருக்குத் தெரிவதும், அவர் மாற்றிய மருந்து ஊர் செவிலியருக்குத் தெரிவதும் அந்தப் பிளாஸ்டிக் பையின் பொறுப்பிலேயே இருக்கின்றன.

இதற்குத் தீர்வாகவே 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் அறிவிக்கப்பட்டது. அபா எனப்படும் 14 இலக்க எண், பதிவு அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்க நோயாளி ஒப்புதல் தந்தால் மட்டும் இன்னொரு மருத்துவமனை அதைப் பார்க்கும் முறை ஆகியவை அதன் அடிப்படை. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் குவிக்காத இந்த அமைப்பு பிரிட்டன் செய்த தவற்றைத் தவிர்க்கிறது என்பதால் நான் இதை ஆதரிக்கிறேன். ஆனால் எண்ணை உருவாக்குவது எளிது, பதிவை இணைப்பது கடினம். எத்தனை கோடி எண்கள் வழங்கப்பட்டன என்ற அறிவிப்பு மட்டும் நோயாளிக்குப் பயன் தராது. ஒப்புதல் கேட்கும் குறுஞ்செய்தி தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ வந்தால், அவர் பொத்தானை அழுத்துவார். ஒப்புதல் தந்தவர் ஆகமாட்டார்.

9. முதலில் செய்யத்தக்கவை

தமிழ்நாடும் கேரளமும் பெருந்திட்டம் எதற்கும் காத்திராமல் உடனடியாகச் செய்யக்கூடிய ஒன்று உண்டு. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளுக்கு இடையே டிஸ்சார்ஜ் சம்மரி, நடப்பு மருந்துப் பட்டியல், ஒவ்வாமை விவரம் ஆகிய மூன்றை மட்டும், நோயாளியின் ஒப்புதலோடு, ஒரே வடிவில் பரிமாறிக்கொள்வது. மருந்துப் பட்டியல் நோயாளிக்குத் தெரிந்த மொழியிலும் அச்சாக வேண்டும். இரண்டு மாவட்டங்களில் இது நடந்தால் எல்லையின் பிற வாயில்களான வாளையாறிலும் செங்கோட்டையிலும் இதையே தொடரலாம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை ஒழுங்குமுறைகள், உள்நோயாளியின் பதிவை மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்கின்றன. நோயாளியோ அவர் அதிகாரமளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்கின்றன. விரைவாக எடுக்கும்படி பதிவுகளைக் கணினிமயமாக்க முயல வேண்டும் என்றும் அதே விதிகளில் இருக்கிறது. வீட்டில் யாராவது மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றுத் திரும்பினால், பில்லோடு திருப்தி அடையாமல், முழுப் பதிவின் நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.